கொங்கு நாட்டுத் தண்ணீருக்கும் காற்றுக்கும் ஏற்ற தலைமுடி, தோல் பராமரிப்பு

தலைமுடிக்கும் தோலுக்கும் வீட்டிலேயே மருந்து செய்துகொள்ள நினைப்பவர்கள், நாட்டு மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் தங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும், ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கிய ஆழ்குழாய்க் கிணற்றை நம்பியிருக்கும் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கும் ஒரே குறிப்பு ஒரே பலனைத் தராது. நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்லும் நீரில் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாக இருக்கின்றன. அவை சோப்போடு சேரும்போது நீரில் கரையாத வெள்ளைப் படிவாக மாறி, குளியலறைத் தரையில் ஒட்டுவதுபோலவே முடியிலும் தோலிலும் ஒட்டிக்கொள்கின்றன. முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுவதற்கும், குளித்து முடித்த சிறிது நேரத்திலேயே கை கால்களில் வெள்ளைக் கோடு விழுவதற்கும் இந்தப் பகுதிகளில் முதல் காரணம் இதுதான்.

தண்ணீரைச் சோதிப்பது எளிது. மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நீர் பிடித்து, சாதாரணக் குளியல் சோப்பைச் சிறிது சீவிப்போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை நிறைய எழுந்து அடியில் உள்ள நீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர்; நுரை எழாமல் நீர் பால்போலக் கலங்கி மேலே திரிதிரியாக மிதந்தால் உப்பு மிகுந்த தண்ணீர். காய்ச்சி ஆறவைத்தால் உப்பு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சுவதால் கடினத்தன்மையின் ஒரு பகுதிதான் அடியில் படிந்து நீங்கும். மீதி அப்படியே இருக்கும். எனவே தலைக்குக் குளிக்கும் நாளில் கடைசியாக அலசுவதற்கு மட்டுமாவது இரண்டு குடம் ஆற்றுத் தண்ணீரோ, ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடிவைத்த மழைத் தண்ணீரோ ஒதுக்கிவைப்பது நல்லது. அதற்கும் வழியில்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து, முடியின் மேல் ஊற்றி, ஒரு நிமிடத்துக்குப் பின் வெறும் தண்ணீரால் அலசிவிடலாம். புளிப்பு அந்தப் படிவைக் கரைக்கும். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் இந்த நாட்டில், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் விடாமல் வீசும் காற்று முடியைச் சிக்காக்கித் தோலின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மார்கழி, தையின் வறண்ட பனி மீதியை முடிக்கிறது. தண்ணீர், காற்று இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால், நம் அப்பத்தாவும் அமுச்சியும் எதை ஏன் பயன்படுத்தினார்கள் என்பது விளங்கும். எதை நாமும் தொடரலாம், எதைக் கைவிட வேண்டும் என்பதும் விளங்கும்.

அரப்பு

கொங்கு நாட்டுக் குளியலில் முதலிடம் அரப்புக்குத்தான். தெற்கே உசிலை என்று அழைக்கப்படும் மரத்தின் இலைதான் அது. வறண்ட மேட்டு நிலங்களிலும் தோட்டத்து வேலி ஓரங்களிலும் தானாக வளரும் இம்மரத்தின் இலையில் சபோனின் என்னும் இயற்கை நுரைப்பொருள் இருக்கிறது. சோப்பைப்போல இது உப்புத் தண்ணீரோடு சேர்ந்து வெள்ளைப் படிவை உண்டாக்குவதில்லை. ஆகவே தண்ணீர் எவ்வளவு கடினமாக இருந்தாலும் எண்ணெயையும் அழுக்கையும் எடுத்துக்கொண்டு அரப்பு முழுவதும் கழன்று வந்துவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் வீடுகளில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் அரப்புக்குத் திரும்புவது ஒன்றே பெரிய மாற்றத்தைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

இலையைக் கிளையோடு ஒடித்து வந்து, தூசி போக உதறி, நீரில் அலசி, ஈரம் வடிந்தபின் நிழலில் துணிவிரித்துப் பரப்ப வேண்டும். வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். கையில் எடுத்து நொறுக்கினால் பொடியும் அளவுக்குக் காய்ந்தபின் காம்பையும் ஈர்க்கையும் நீக்கி அரைத்து, மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். சலிக்காத அரப்பு, முடிக்குள் மணல்போலத் தங்கி, எத்தனை முறை அலசினாலும் போகாது. பலர் அரப்பை வெறுத்து ஷாம்புவுக்கு மாறியதற்கு இந்தச் சலிக்காத தூளே காரணம். சந்தையில் வாங்குபவர்கள் நிறத்தையும் மணத்தையும் பார்த்து வாங்குங்கள். புதிய அரப்பு இளம்பச்சையாக, பச்சிலை மணத்தோடு இருக்கும். பழுத்த நிறமும் மக்கிய வாடையும் உள்ளது நாள்பட்டது.

தோள்வரை உள்ள முடிக்கு மூன்று மேசைக்கரண்டித் தூள் போதும். அதை வடிகஞ்சியிலோ அரிசி களைந்த நீரிலோ தோசை மாவைவிடச் சற்று இளக்கமாகக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு தேய்க்க வேண்டும். கஞ்சி சேர்வதால் தூள் முடியில் வழுக்கிச் செல்கிறது. உலர்ந்தபின் முடியும் முரடாகாது. நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் இதே கலவையை உடம்புக்கும் தேய்த்துக்கொள்ளலாம். தூளைக் கரைக்கும்போது எழும் பொடி மூக்கில் ஏறினால் தும்மலும் இளைப்பும் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் போசியில் முதலில் கஞ்சியை ஊற்றி, அதன்மேல் தூளை மெதுவாகத் தூவிக் கரைப்பது பாதுகாப்பானது. கண்ணை மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள்.

சீயக்காய்த் தூள்

சத்தியமங்கலம், கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளில் விளையும் சீயக்காயும் அரப்பைப் போலவே சபோனினால் வேலை செய்வதுதான். ஆனால் அழுக்கெடுக்கும் வேகம் அதிகம், முடியை உலர்த்தும் தன்மையும் சற்று அதிகம். ஆகவே அதைத் தனியாக அரைக்காமல் வழவழப்புத் தரும் பொருள்களோடு சேர்த்தே அரைக்க வேண்டும். ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, நூறு கிராம் வெந்தயம், ஐம்பது கிராம் பூலாங்கிழங்கு, நிழலில் காய்ந்த செம்பருத்தி இலையும் பூவும் இரண்டு கைப்பிடி, காய்ந்த கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, ஆவாரம்பூ ஒரு கைப்பிடி என்பது சீரான அளவு. எண்ணெய்ப் பசை மிகுந்த தலை உள்ளவர்கள் கொட்டை நீக்கிய பூந்திக்காயை நூறு கிராம் சேர்த்துக்கொள்ளலாம். வறண்ட முடி உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம். மார்கழிக் கடைசி நாளில் வேப்பிலை, பூளைப்பூவோடு காப்புக் கட்டுவதற்காக ஆவாரம்பூவைத் தேடிப் பறிக்கும் சமயத்தில் கூடுதலாகக் கொஞ்சம் பறித்துக் காயவைத்துக்கொண்டால் ஆண்டு முழுதும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

சீயக்காய், பயறு, வெந்தயம், கிழங்கு ஆகியவற்றை இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். மில்லுக்குக் கொண்டுபோகும்போது ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: சீயக்காய் அரைக்கத் தனி இயந்திரம் இருக்கிறதா என்பதை. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அரைத்த சீயக்காய் தலையையும் கண்ணையும் எரித்துவிடும். அரைத்து வந்த தூள் சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிப்பிடித்துப் பூசணம் பூக்கும். காகிதத்தில் பரப்பி முழுவதும் ஆறியபின் சலித்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியிலோ எவர்சில்வர் தூக்கிலோ எடுத்து வையுங்கள். ஈரக் கையோடு உள்ளே கை விடக் கூடாது.

வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் சீயக்காய் வேண்டியதில்லை. சாயம் ஏற்றிய முடியில் சீயக்காய் அந்தச் சாயத்தை விரைவாக வெளுக்கச் செய்யும்.

ஷாம்பு பயன்படுத்துபவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண் தினமும் காலையில் அரப்பு ஊறவைத்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிப்பட்டவர்கள் செம்பருத்தி இலை பத்தைச் சிறிது நீர்விட்டுக் கசக்கி, வரும் கொழகொழப்பான சாற்றை வடிகட்டி, ஷாம்பு போட்டு அலசியபின் முடியின் நீளத்தில் மட்டும் தடவி இரண்டு நிமிடம் விட்டு அலசினால், உப்புத் தண்ணீரால் வரும் முரட்டுத்தன்மை குறையும். வீட்டுக்குப் பின்புறம் பொடக்காணியில் ஒரு செம்பருத்திச் செடி இருந்தால் செலவே இல்லாத கண்டிஷனர் இது. அந்தச் சாற்றை அன்றன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்; அடுத்த நாள் புளித்துவிடும்.

காய்ச்சிய எண்ணெய்

பொள்ளாச்சித் தேங்காயும் காங்கேயம் பக்கத்துக் கொப்பரைக் களங்களும் நமக்கு அருகிலேயே இருக்கும்போது, நல்ல தேங்காயெண்ணெய்க்கு நாம் அலைய வேண்டியதில்லை. கந்தகப் புகை போடாமல் வெயிலில் மட்டும் உலர்த்திய கொப்பரையை வாங்கி, தெரிந்த செக்கில் ஆட்டிக்கொள்வது சிறந்தது. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் புட்டி முழுதும் வெள்ளையாக உறைந்தால் அது இயல்பு. ஒரு பகுதி உறைந்து இன்னொரு பகுதி எண்ணெயாகவே நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கக்கூடும் என்று சந்தேகிக்கலாம்.

எண்ணெய் முடிக்கு என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு மேலே வந்துவிட்ட முடி உயிரற்ற புரதம். தேங்காயெண்ணெயில் மிகுதியாக உள்ள லாரிக் அமிலம் அந்த முடித் தண்டுக்குள்ளே ஊடுருவும் தன்மை கொண்டது. 2003-ல் இந்திய ஆய்வாளர்கள் கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், அலசும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது. அதாவது, இருக்கும் முடியை உடைந்து போகாமல் காப்பாற்றுவது அதன் வேலை. புதிதாக முடி முளைக்கவைக்கும் என்று எந்த எண்ணெயையும் நம்பிச் செலவு செய்ய வேண்டாம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நாளொன்றுக்கு நூறு முடிவரை உதிர்வது இயல்பு. பிரசவத்துக்கும் டெங்கு போன்ற காய்ச்சலுக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிர்வதும் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். அதற்கு முன் தேய்த்த எண்ணெய்க்கு அந்தப் பெருமை போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரத்தசோகை, தைராய்டு குறைபாடு ஆகியவற்றால் உதிரும் முடிக்கு மருந்து இரத்தப் பரிசோதனையில்தான் தொடங்க வேண்டும்.

காய்ச்சும் முறைக்கு வருவோம். இருபது மூலிகை சேர்த்தால்தான் நல்ல எண்ணெய் என்பதில்லை. ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய்க்குக் கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, வயல் வரப்பில் வெள்ளைப் பூ பூத்திருக்கும் கரிசலாங்கண்ணி இரண்டு கைப்பிடி, செம்பருத்திப் பூ பத்து, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி ஆகியவை போதும். இலைகளை அலசியபின் துணியில் ஒற்றி, ஓர் இரவு நிழலில் காற்றாட விடுங்கள். மறுநாள் நீர் விடாமல் கொரகொரப்பாக இடித்துக்கொள்ள வேண்டும். கனமான வடச்சட்டியில் எண்ணெயை ஊற்றி, இளஞ்சூட்டிலேயே இடித்ததைச் சேர்த்து, தீயைச் சிறிதாக வைத்து அடிக்கடி கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரைத்துச் சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் இலையிலுள்ள நீர் ஆவியாவதால் வருவது. அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் சத்தம் அடங்கி, நுரை தணிந்து, இலையை எடுத்து விரலில் நசுக்கினால் மணலாக நொறுங்கும். அதுதான் பதம். அதற்கு முன் இறக்கினால் உள்ளே தங்கிய நீரால் எண்ணெய் விரைவில் கெட்டுவிடும். அதைத் தாண்டி இலை கருகினால் எண்ணெயில் தீய்ந்த வாடை ஏறிவிடும். சடசடப்பு முழுவதும் நிற்கும் கணத்தைக் காதால் கேட்டுப் பிடிப்பதுதான் இந்த வேலையில் உள்ள ஒரே நுட்பம். ஆகவே எண்ணெய் காய்ச்சும்போது மிக்ஸியோ தொலைக்காட்சியோ ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன வெங்காயம், சோற்றுக்கற்றாழை போன்ற நீர் மிகுந்த பொருள்களைப் பழகாதவர்கள் சேர்க்காமல் இருப்பது நல்லது. அவற்றின் நீர் வற்றுவதற்குள் மற்ற இலைகள் கருகிவிடும். ஆறிய எண்ணெயை வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் வெயில் படாமல் வைத்தால் ஆறு மாதம் தாராளமாக இருக்கும். சிக்கு வாடை வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

குளிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ, முந்தைய இரவோ, முடியின் நீளம் முழுதும் படும்படி தேய்ப்பதே பயன் தரும். எண்ணெய் வழிய வழியப் பூசிக்கொண்டு ஆடிக் காற்றில் வெளியே போனால் புழுதி எல்லாம் தலையில்தான் வந்து சேரும். விளக்கெண்ணெய் சேர்க்க விரும்புகிறவர்கள் நான்கு பங்கு தேங்காயெண்ணெய்க்கு ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். அதன் பசைத்தன்மையால் நீண்ட முடி பிரிக்க முடியாத சடையாகத் திரண்டுவிடுவது உண்டு. கைக்குழந்தைகளுக்கான எண்ணெயில் கற்பூரம் சேர்க்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். கற்பூரம் தோல்வழியே உட்சென்று குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது.

பொடுகும் பேனும்

பொடுகு வறட்சியால் வருவது என்று எண்ணி எண்ணெயை மேலும் மேலும் வைப்பது பலர் செய்யும் தவறு. தலைத் தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்னும் பூஞ்சை, தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை உண்டுதான் பெருகுகிறது. ஆகவே பொடுகு இருக்கும்வரை தலைத் தோலில் எண்ணெய் ஊறவிடாதீர்கள். முடியின் நுனிப்பகுதிக்கு மட்டும் தடவுங்கள். இரண்டு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் புளித்த தயிரோடு அரைத்து, தலைத் தோலில் இருபது நிமிடம் வைத்து அலசினால் செதில் கழன்று அரிப்பு தணியும். வாரம் இருமுறையாக ஒரு மாதம் செய்தும் குறையாவிட்டால் கீட்டோகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்து கலந்த ஷாம்புவுக்கு மாறுவதே நல்லது; வீட்டு மருந்து அதற்குமேல் போகாது. வெந்தயம் சேர்ந்த எதையும், கடலை வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். காசு அளவுக்கு வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டுக்கும் கண்டதைத் தேய்த்துப் புண்ணாக்காமல் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பள்ளி செல்லும் பிள்ளைகளின் பேனுக்குச் சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்க்கும் பழக்கம் இன்னும் கிராமங்களில் இருக்கிறது. அந்த விதைப்பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். அதனால் பார்வை மங்கி மருத்துவமனைக்கு வருபவர்கள் தொடர்ந்து இருக்கிறார்கள். மண்ணெண்ணெயும் தீக்காயத்துக்கு வழி வகுக்கும். இரண்டும் வேண்டாம். தலை நிறையத் தேங்காயெண்ணெய் தேய்த்து, முடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாளாகும் என்பதால், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வீதம் மூன்று வாரம் விடாமல் வார வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் வாருவது அவசியம்.

நரைக்கு மருதாணி பூசுகிறவர்களுக்கு ஒரு சொல். இலையை உலர்த்திப் பொடித்து, ஆறிய தேயிலைச் சாற்றில் குழைத்து இரும்புச் சட்டியில் ஓர் இரவு வைத்துப் பூசினால் செம்பட்டையும் பழுப்புமான நிறம் கிடைக்கும். அதன்மேல் அவுரிப் பொடியைப் பூசினால் கருமை ஏறும். சில நிமிடங்களில் கறுப்பாக்கும் மருதாணி என்று விற்பவற்றில் பிபிடி என்னும் சாயப்பொருள் கலந்திருப்பது வழக்கம்; அது கொப்புளமும் வீக்கமும் உண்டாக்கக்கூடியது. ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைகளுக்கு இயற்கை மருதாணியும் ஆகாது. இரத்த அணுக்களை அது சிதைத்துவிடும்.

நலங்கு மாவு

சோப்பு உப்புத் தண்ணீரோடு சேர்ந்து தோலில் படிகிறது என்று முதலில் சொன்னேன். நலங்கு மாவில் அந்தச் சிக்கல் இல்லை. மாவுதான் எண்ணெயை உறிஞ்சி எடுக்கிறது. பச்சைப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, ஆவாரம்பூ நூறு கிராம், உலர்ந்த பன்னீர் ரோஜா இதழ் ஐம்பது கிராம், பூலாங்கிழங்கு ஐம்பது கிராம், கோரைக்கிழங்கு ஐம்பது கிராம், வெட்டிவேர் இருபத்தைந்து கிராம் ஆகியவற்றை நன்கு உலர்த்தி, மிக நைசாக அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் சலிக்க வேண்டும். பெண்களுக்கென்றால் கஸ்தூரி மஞ்சள் ஐம்பது கிராம் சேர்க்கலாம்.

நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுச் சாமான் என்று கேட்டால் கார்போக அரிசி என்னும் மூலிகை விதையையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். அதை வெளியே எடுத்துவிடும்படி அழுத்தமாகச் சொல்கிறேன். கார்போக அரிசியில் சோராலன் என்னும் பொருள் இருக்கிறது. அது தோலில் தங்கியிருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். வெண்புள்ளிக்கு மருத்துவர் மேற்பார்வையில் அளவோடு கொடுக்கப்படும் பொருளை, காலையில் உடம்பெல்லாம் பூசிக் குளித்துவிட்டு நாள் முழுதும் தோட்டத்து வெயிலில் நிற்பவர் பயன்படுத்துவது ஆபத்தானது. முகத்தில் எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயிலில் போனாலும் இதே வகையான கறுப்பு விழும். சமையல் சோடாவும் பற்பசையும்கூட முகத்துக்கு வேண்டியதில்லை. தோலின் இயல்பான மெல்லிய புளிப்புத் தன்மையைச் சோடா குலைத்துவிடும்.

வறண்ட தோலுக்கு மாவைப் பாலிலோ தயிரிலோ குழைக்கலாம். எண்ணெய்ப் பசை உள்ள தோலுக்கு வெறும் தண்ணீர் போதும். கையில் எடுத்துப் பூசி, லேசாக வருடிக் கழுவ வேண்டும். தேய்த்துத் தேய்த்து அழுக்கு எடுப்பதாக நினைத்தால் தோல்தான் உரியும். கைக்குழந்தையின் உடலில் மாவைத் தேய்த்து முடியை உதிர்க்கும் வழக்கம் வேண்டாம். அந்த முடி சில மாதங்களில் தானாகவே போய்விடும். மாவுத் தூசியோ குழந்தையின் மூச்சுக்குழாயில் போய்ச் சேரும். புதிய மாவையோ புதிய எண்ணெயையோ முதல்முறை பயன்படுத்தும் எவரும் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒரு முழு நாள் பார்த்துவிட்டு, சிவப்போ அரிப்போ இல்லை என்று உறுதியானபின் உடம்புக்குப் பூசுவது நல்லது.

இவற்றில் எதுவும் தோலின் நிறத்தை வெளுப்பாக்காது. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. வெயிலில் கறுத்த பகுதி, தோல் புதுப்பிக்கப்படும் வேகத்தில் சில வாரங்களில் தானாகவே பழைய நிறத்துக்குத் திரும்பும். தயிர் பூசுவது அதற்குச் சிறிது துணை செய்யலாம். முழுக்கைச் சட்டையும் குடையும் அதைவிடப் பெரிய துணை. கறுத்த பெண் பிள்ளையிடம் கடலைமாவையும் மஞ்சளையும் கொடுத்து நிறம் கூட்டிக்கொள் என்று சொல்லும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. தோல் புண்ணில்லாமல், வெடிப்பில்லாமல், அரிப்பில்லாமல் இருப்பதே பராமரிப்பின் நோக்கம்.

மஞ்சள்

ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. சமையலுக்கான விரலி மஞ்சள் அறுவடைக்குப்பின் வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி விற்கப்படுவது. பூசுவதற்கு உருண்டையான குண்டு மஞ்சளை வாங்கி, கல்லில் உரைத்து அன்றன்று எடுத்துக்கொள்வதே நல்லது. நிறத்துக்காகச் சாயமோ ஈயக் குரோமேட்டோ கலக்கப்பட்ட தூளும் சந்தையில் உண்டு என்பதால், பூசுவதற்குத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்குங்கள். கஸ்தூரி மஞ்சளும் அப்படியே. அது சமையல் மஞ்சளைப்போல அழுத்தமான நிறம் கொண்டதன்று. கற்பூரம் கலந்ததுபோன்ற மணம் உடையது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்றால் அது வேறு ஏதோ ஒன்று. துணியில் பட்ட மஞ்சள் கறையை அலசி வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், ஏனெனில் அதிலுள்ள குர்குமின் வெளிச்சத்தில் சிதையும்.

வறட்சியும் வேர்க்குருவும்

மார்கழி, தையில் தோல் வெடிப்பவர்கள் வெந்நீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, துணியால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுவதும் காய்வதற்குள் சில சொட்டுத் தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவ வேண்டும். காய்ந்த தோலில் தடவும் எண்ணெய் மேலே பளபளக்கும். ஈரத் தோலில் தடவும் எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். முகத்தில் பரு வரும் இயல்புள்ளவர்கள் தேங்காயெண்ணெயைக் கழுத்துக்குக் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். அது மயிர்க்கால்களை அடைக்கும். சோற்றுக்கற்றாழைச் சோற்றை முகத்துக்கு வைப்பவர்கள், மடலை வெட்டியவுடன் வெட்டுவாய் கீழே பார்க்கும்படி அரை மணி நேரம் நிறுத்தி, வடியும் மஞ்சள் பாலை முழுவதும் போகவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவுவது பழைய முறை. அந்த மஞ்சள் பால்தான் அரிப்பையும் எரிச்சலையும் தருவது.

சித்திரை, வைகாசியில் கழுத்திலும் முதுகிலும் வரும் வேர்க்குருவுக்கு எண்ணெய் கூடவே கூடாது. நுங்கின் உள்ளே இருக்கும் நீரைத் தடவிக் காற்றாட இருப்பதும், தளர்ந்த பருத்தி உடையும் போதும். சந்தனத்தைக் கல்லில் இழைத்து மெல்லிதாகப் பூசலாம். கனமாக அப்பினால் வியர்வைத் துளை மேலும் அடைபடும்.

குதிகால் வெடிப்பு

செம்மண் சரளையில் வெறுங்காலோடு நடந்து, மாட்டுக் கட்டுத்தரையில் ஈரத்தில் நின்று வேலை செய்யும் பெண்களுக்குப் பித்த வெடிப்பு ஆண்டு முழுதும் இருக்கிறது. அதற்கு ஒரு களிம்பு எளிதாகச் செய்யலாம். தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் நான்கு பங்கு எடுத்து ஒரு சிறிய கிண்ணத்தில் போட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கும் நீருள்ள பாத்திரத்தில் வைத்தால் மெழுகு உருகிவிடும். மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பற்றும். உருகியதும் கலக்கி, வாயகன்ற டப்பாவில் ஊற்றி உறையவிட வேண்டும். கோடையில் இளகிப்போனால் அடுத்த முறை மெழுகைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இரவில் கால்களை வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துவிட்டுக் களிம்பைப் பூசி, பருத்திச் சாக்ஸ் அணிந்து படுத்தால் இரண்டு வாரத்தில் வெடிப்பு மூடத் தொடங்கும். பிளேடால் சீவுவது வெடிப்பை ஆழமாக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை ஊறவைக்காமல், கல்லும் போடாமல், களிம்பை மட்டும் பூச வேண்டும். அவர்களுக்குச் சூடு உறைக்காமல் கால் வெந்துபோவதும், சிறு கீறல் ஆறாப் புண்ணாவதும் நடக்கிறது. வெடிப்பில் சீழோ சிவப்போ கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.